ஹேங்கர் லைன் வந்த வருஷம்

ஜூன் 9, திங்கள்

மாவு புளித்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் நாலு தோசை தின்றுவிட்டு நூல் லோடு ஏற்றப் போய்விட்டார். கோவை ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை பரணிக்குப் போன் செய்ய நினைத்தேன். மறந்துவிட்டேன்.

பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் தீனதயாளன் சார் கூப்பிட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர், வெள்ளகோவில்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அதனால் என்னைச் சூப்பர்வைசர் என்றெல்லாம் கூப்பிட மாட்டார், அக்காதான்.

“உங்க லைனுக்குத்தானுங்க்கா மொதல்ல வருது. ஹேங்கர் லைன். மொதலாளி முடிவு பண்ணிட்டாருங்க.”

போன வருஷத்திலிருந்தே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் பீஸ்களைச் சேர்த்துக் கட்டி ஆளுக்கு ஆள் கொடுக்கும் துணிக்கட்டு கிடையாது. ஒவ்வொரு பீஸும் கொக்கியில் தொங்கிக்கொண்டு, தலைக்கு மேல் ஓடும் கம்பியில் அவரவர் மிஷினுக்கு வருமாம். தைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு சின்னத் திரை. வேலை சரியாக ஓடினால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு.

“ஆளுங்களத் தயார் பண்றது உங்க பொறுப்புங்க்கா.”

சரிங்க சார் என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லித்தருவது?

ஜூன் 12, வியாழன்

இன்று டீ நேரம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் லைனின் ஓரமாக நின்று பார்த்தேன். கந்தலில் முடிந்த கட்டுகள், கட்டுக்கு மேல் கட்டு, அதன்மேல் யாருடையதோ சோற்றுப்பை. இதெல்லாம் அடுத்த மாதம் இருக்காது.

பதினேழு வயதில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். டெய்லர் பக்கத்தில் நின்று, தைத்த பீஸை மடித்துக் கொடுக்கும் ஹெல்பர் வேலை. ஓட்டுக் கட்டிடம். ரேடியோவில் பாட்டு ஓடும். நல்ல பாட்டு வந்தால் யாராவது மிஷினை நிறுத்துவார்கள், அதைப் பார்த்து இன்னொருவர் நிறுத்துவார், மேஸ்திரி கத்துவார். மிஷின் எண்ணெயும் புதுத் துணியும் சேர்ந்த அந்த வாசனை. இப்போது ஏசி போட்ட ஹாலில் அது வருவதே இல்லை.

அங்கேதான் ராக்கம்மாள் அக்கா வந்து சேர்ந்தது. சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பூருக்கு வந்த ஜோடி. புருஷன் சுடலை, டெய்லர். இதுவும் டெய்லர். அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான். மூன்று கம்பெனி மாறியும் பிரிந்ததில்லை. யாராவது சீட்டை மாற்றினால் இரண்டு மிஷினையும் சேர்த்தே மாற்ற வேண்டும். “இவுங்களுக்கு இன்னும் கல்யாணச் சூடு ஆறலைங்க” என்று நாங்கள் கேலி செய்வோம். அக்கா கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டும். என் தட்டப்பயிறுக் குழம்பும் அக்காவின் தேங்காய்ப்பால் சொதியும் ஒரே தட்டில் கலந்த காலம்.

இப்போது நான் சூப்பர்வைசர். அது என் லைனில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறது, பக்கத்திலேயே சுடலை அண்ணன். யாரும் இல்லாதபோது அக்காவுக்கு நான் ‘செல்வி’, ஆள் இருந்தால் ‘மேடம்’. மேடம் என்று அது சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஜூன் 18

கம்பி மாட்டும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மழை வருமா என்று பார்ப்பதுபோல எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தைக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

ஷிப்ட் முடிந்த பிறகு வகுப்பு. கோவையிலிருந்து ஒரு தம்பி வந்து சுவரில் படம் போட்டுக் காட்டினார். பாதி இங்கிலீஷ். நல்ல பையன்தான், தொண்டை கட்டும் வரை பேசினார். எங்கள் ஆட்கள் காலையிலிருந்து உட்கார்ந்த முதுகோடு மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலியில். கண்ணம்மாளுக்குத் தலை தொங்கிவிட்டது.

“எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுதுங்க.”

எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியது ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் மமதா. அந்தப் பெண்ணுக்குத் தமிழே எட்டாது.

நானும் தலையாட்டினேன். எனக்கும் புரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

டீ குடிக்கும்போது நேராகவே கேட்டேன். உண்மையைச் சொல்லுங்க, அந்த வகுப்பில என்னதான் கஷ்டம்?

எல்லோரும் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் சோணைமுத்துதான் — சிவகங்கைப் பக்கத்து ஆள், விளிம்பு மடித்துத் தைக்கும் பிளாட்லாக் மிஷின் — டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஸ்கூலு வேணாம்னுதான மேடம் இங்கிட்டு ஓடியாந்தோம். திரும்பவும் ஸ்கூல்லயே ஒக்கார வச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு சாயங்காலம் வரை மனதில் ஓடியது. நான் ஓவர்லாக் எப்படிக் கற்றேன்? எவரும் வகுப்பு எடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்தேன். ஊசி உடைந்தது. ராக்கம்மாள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஊசி மாட்டக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவுதான்.

தீனதயாளன் சாரிடம் போனேன். சாயங்கால வகுப்பு வேண்டாம். காலையில் ஆள் தெம்பாக இருக்கும்போது முதல் அரைமணி நேரம், மிஷின் முன்னாலேயே, வேஸ்ட் பீஸில். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

“அரைமணி நேரம் புரொடக்‌ஷன் போகுமேங்க்கா.”

“கத்துக்காம ஓட்டுனா முழு நாளும் போகுமுங்க சார்.”

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சரி என்றார்.

ஜூலை 2, புதன்

இன்று மானம் போனது. நல்லதற்குத்தான்.

முதலில் நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். எதையோ அமுக்கினேன். லைனில் இருந்த கொக்கி எல்லாம் கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக என்னிடமே வர ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. தலையில் ஒரு பனியன், தோளில் ஒரு பனியன். மமதா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. “மேடத்துக்குக் கலியாண மாலை போல வருது, எடுங்கவே போட்டோ” என்று சுடலை அண்ணன் சத்தம் போட்டார்.

ஒருவழியாக நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தப்பாக அமுக்கினால், “மேடம் அளவுக்கு இல்ல” என்று சமாதானம் வேறு.

ராக்கம்மாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மிஷின்களுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றது. “ரெண்டு மிசினுக்கும் நடுவுல இம்புட்டுத் தூரமா?” என்று கேட்டது. ஆமாங்க்கா, கொக்கி திரும்ப எடம் வேணுமில்லீங்களா என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

பரவாயில்லை, பாதிப்பேருக்குக் கை பழகிவிட்டது. தீனதயாளன் சார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஏனோ இன்று பரணி வயிற்றில் இருந்தபோது நடந்தது ஞாபகம் வந்தது. ஏழாம் மாதம். கால் வீங்கி மிஷினை மிதிக்க முடியாது. ஆனால் என் கட்டு எப்படியோ முடிந்திருக்கும். நான் தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் பாதி பீஸ் காணாமல் போய், தைத்துத் திரும்பி வந்திருக்கும். யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கட்டில் என் பெயர்தான் இருக்கும். மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கொக்கியில் வரும் ஒற்றை பீஸை யார் அப்படி எடுப்பார்கள்?

ஜூலை 14, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

இன்றுதான் முதல் நாள், நிஜ ஆர்டரில். பத்து மணி வரை நன்றாகத்தான் ஓடியது. பிறகு சுடலை அண்ணன் மிஷினுக்கு முன்னால் கொக்கி தேங்க ஆரம்பித்தது. அவர் திரை சிவப்பு. புதுசுதானே, பழகிவிடும் என்று கிட்டே போனேன். அப்போதுதான் பார்த்தேன். துணியை ஊசிக்குக் கீழே வைக்கும் வலது கை — நடுங்குகிறது. லேசாக இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தைக்கிறார்.

தலை நிமிர்ந்தால் ராக்கம்மாள் அக்கா. தன் மிஷினை விட்டுவிட்டு வந்து, அவரை எழுப்பிவிட்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பீஸைத் தைக்குது. இப்போது அதன் மிஷினிலும் சிவப்பு. அதற்கு அடுத்த மிஷினிலும். மொத்த லைனும் நின்று இந்த இரண்டு பேரையே பார்க்குது.

சார் ஓடி வந்தார். அவருக்கு அந்தச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. “இவரால முடியலைன்னா நாளையிலருந்து ஹெல்பரா போடுங்க்கா.” எல்லோர் காதிலும் விழுந்தது.  சுடலை அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்காவும் பின்னாலேயே போனது. என்னைத் தாண்டித்தான் போனது, என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஏன் அந்த இடத்தில் வாயைத் திறக்கலை? பக்கத்துலயே நின்னேனே. தினமும் பார்த்த ஆள். அத்தனை நாளும் ஜோடி ஜோடின்னு கேலி பண்ணினோமே, அது என்ன ஜோடின்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?

ஜூலை 15

இரண்டு மிஷினும் காலி.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு, பாண்டியன் நகருக்குப் போனேன். அவர்கள் இருப்பது வரிசை வீடுகளில் ஒன்று. அண்ணன் வெளியே போயிருந்தார். அக்கா கதவிலேயே நின்றது.

“என்ன செல்வி, பீஸ எண்ணிப் பாக்க வந்தியா?”

நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அதுவும் வந்து உட்கார்ந்தது. கொரோனா முடிந்து கம்பெனி திறந்த சமயத்தில் அண்ணனுக்கு நடுக்கம் தொடங்கியதாம். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் கொஞ்சம் அடங்கும், முழுசாக நிற்காது.

“அவுக கட்டையும் எங்கட்டையும் ஒண்ணாப் போட்டுக்கிடுவேன். நேரான தையலு அவுகளுக்கு, வளைவெல்லாம் எனக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. நீ வந்து கட்டப் பாப்ப, முடிஞ்சிருக்கும், போயிருவ. கட்டத்தான பாத்த, ஆளப் பாத்தியா?”

பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க்கா.”

“சொன்னா? பாவம்னு சொல்லுவிய. அந்த வார்த்தைய அவுக தாங்க மாட்டாக.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. “ஹெல்பர்னு சொன்னதுகூட பெருசில்ல செல்வி. அத்தன பேரு முன்னால அந்தச் செவப்பு எரிஞ்சுச்சே.”

காபி போடவா என்று கேட்டது. போட்டது. இரண்டு பேரும் குடித்தோம்.

ஜூலை 21, திங்கள்

தீனதயாளன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. கெட்டவன்னு நெனச்சிருப்பாங்கல்ல?”

“இல்லீங்க சார். உங்களுக்குத் திரை தெரிஞ்சுது. எனக்கு இத்தன வருஷமா கட்டு தெரிஞ்சுது. ரெண்டு பேருமே ஆளப் பாக்கலைங்க.”

“இப்ப என்னங்க்கா பண்றது?”

“கேக்கலாமுங்க. யாருக்கு எது முடியும், எது முடியாதுன்னு நாம இதுவரைக்கும் கேட்டதே இல்லீங்களே.”

புதன்கிழமை ஒரு மணி நேரம் லைனை நிறுத்தச் சம்மதித்தார். முதலாளிக்கு என்ன பதில் சொல்லிக்கொள்வாரோ, அது அவர் பாடு.

ஜூலை 23, புதன்

மிஷின்களுக்கு நடுவிலேயே வட்டமாக உட்கார்ந்தோம். சாரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன கேட்பது என்று நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. அதனால் என்னைப் பற்றியே சொன்னேன்: இந்தத் திரை எனக்கு இன்னும் பாதிதான் புரியுது, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சோணைமுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணு மாதிரித்தான் மேடம் தெரியும். பொறவியிலருந்தே. பக்கத்தாளு மொகத்தப் பாத்துத்தான் வேகமா ஓட்டுறதா மெதுவா ஓட்டுறதான்னு முடிவு பண்றேன்.”

சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மமதாவிடம் இந்தியில் கேட்டு ஒரு பெண் சொன்னாள்: திரையில் வருவது ஒரு எழுத்தும் தெரியாதாம், நிறத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறதாம். கண்ணம்மாளுக்கு மத்தியானத்துக்கு மேல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதில்லையாம். “சொன்னா வேண்டாம்னுருவீங்களோன்னு இருந்துட்டனுங்க.”

அப்போதுதான் வாசலில் யாரோ நிற்பதைப் பார்த்தேன். சுடலை அண்ணன். தன் கத்தரிக்கோலை எடுத்துப் போக வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. எல்லோரும் திரும்பியதும் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கையை முன்னால் நீட்டினார். நடுங்கும் அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி.

“எனக்கு இதுதான். நாலஞ்சு வருசமா இருக்கு. எம்பொண்டாட்டிதான் எம்பீசையும் தச்சா.” பிறகு சாரைப் பார்த்து, “ஹெல்பரா நிக்க மாட்டேன் சார். ஆனா லைனு தொடங்குத எடத்துல வெட்டுன துணியக் கொக்கியில மாட்டணும்லா, அதுக்கு ஆளு சரியில்ல. அளவு மாத்தி மாத்தி மாட்டுதான். அங்கன என்னையப் போடுங்க. அதக் கைய ஆட்டிக்கிட்டேகூடச் செய்யலாம்.”

அவர்தான் முதலில் சிரித்தார்.

சார் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த எடத்துக்கே வாங்க, டெய்லர் கிரேடு சம்பளத்துலயே இருங்கண்ணா. அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க.”

ஜூலை 24

அக்கா வேலைக்கு வந்துவிட்டது. வந்ததும் என்னிடம் ஒரே கோபம்: “அவுக எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இத்தன வருசம் நான் பொத்திப் பொத்தி வச்சத ஒரு நிமிசத்துல போட்டு ஒடச்சிட்டாகளே.”

கோபமா, பாரம் இறங்கியதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 30

கோவைத் தம்பி மறுபடியும் வந்தார். திரையில் நிறத்தோடு சின்னப் படமும் வரும்படி மாற்றிவிட்டார். சோணைமுத்துவுக்கு இனி பக்கத்தாள் முகம் வேண்டாம். மமதாவின் திரையில் எழுத்து இந்தியில் வரும், ஒடியா இன்னும் வரவில்லையாம். போகிறபோது இன்னொன்று சொன்னார். ஒரு மிஷினில் பீஸ் தேங்கினால் பக்கத்து மிஷின்காரர் தானாகவே கொஞ்சம் வாங்கிக்கொள்ள ஒரு பட்டன் உண்டாம். முதல் நாளிலிருந்தே உண்டாம். நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கண்ணம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். வெள்ளைத் துணி ஓடும் மிஷினுக்கு மாற்றிக்கொடுத்தோம், கண்ணுக்குத் தோதாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய மாதிரி கட்டு போட்டுத் தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாராம். “கண்ணுக்கில்லீங்க செல்வி. எதுத்தாப்ல ஒக்காந்து பேச ஆளிருக்குதுங்க அங்க.”

இருந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. எதை வைத்துச் சொல்ல? அவர் சொல்வதும் சரிதானே. எனக்கும் அந்தப் பேச்சுச் சத்தம் வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை கேட் வரை கூடப் போனேன். அவர் மிஷின் இரண்டு நாளாகச் சும்மா கிடக்கிறது, அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பழைய கம்பெனியில் மிஷினைத் துடைத்து, தலையில் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தால் அது அப்படியே மனுஷ முகம் மாதிரி இருக்கும். பொரியும் சுண்டலும் காகிதப் பொட்டலத்தில். சாயங்காலம் எல்லோரும் புதுச் சேலையில் ஒரு போட்டோ.

இந்த வருஷம் கொக்கிக் கம்பிக்கு எங்கே பொட்டு வைப்பது என்று பெரிய பஞ்சாயத்து. கடைசியில் மமதா ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு துளி சந்தனம் வைத்தது. அது கீழே வருவதற்குள் யாரோ லைனை ஓடவிட்டார்கள். பொட்டு வைத்த கொக்கிகள் எங்கள் தலைக்கு மேல் வரிசையாகப் போயின, தேர் போல. பழசு போல இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 19, புதன்

ராக்கம்மாள் அக்கா தங்கை மகளுக்கு வளைகாப்பு. போன வாரமே மூன்று நாள் லீவு கேட்டது. அண்ணனுக்குமா என்றேன். “அவுக வரல. ஷிப்மென்ட் இருக்குல்லா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அது போன பிறகுதான் எனக்கு உறைத்தது: நடுக்கம் வந்த நாளிலிருந்து அது தனியாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சலோடும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா திதிக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. அவர் பீஸை விட்டுவிட்டு எப்படிப் போயிருக்க முடியும்?

இன்று மத்தியானம் சுடலை அண்ணன் தானே வைத்த புளிக்குழம்பைக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். ஊற்றும்போது கை ஆடி, சோணைமுத்து தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. சோணைமுத்து துடைத்துவிட்டுச் சாப்பிட்டார். உப்பு மட்டும் அதிகம்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். பின்னால் ஒரே பெண்கள் சிரிப்பு.

“அவுக எப்படி இருக்காக செல்வி?”

“வேலையில இருக்காருங்க்கா. கூப்பிடட்டுங்களா?”

“வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும்.” பின்னால் யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். “அப்ப நான் இன்னும் ஒரு நா சேத்து இருந்துட்டு வரட்டா?”

இருந்துட்டு வாங்க்கா என்றேன்.